மன்றத்தாரின் சிவப்பு வரிகள்

ஒரு சினிமாக் கதையை எழுத இரண்டு பேர் போதும். அதைக் கெடுக்கத்தான் ஆள்பலம் வேண்டும். அதற்காகவே எங்கள் அரசாங்கம் பாரிஸில் யாரோ ஒரு பிரபுவின் பழைய மாளிகையைப் பிடித்து, தங்க முலாம் பூசிய நாற்காலிகளைப் போட்டு, ‘திரைக்கதை முன்னாய்வு உயர்மன்றம்’ என்று வாசலில் பித்தளைப் பலகை மாட்டி வைத்திருந்தது. உலக யுத்தம் முடிந்து நாடு ஒருவழியாக மூச்சு விட ஆரம்பித்திருந்த காலம். ரொட்டிக்கு ரேஷன் எடுத்துவிட்டார்கள். கதைக்கு ரேஷன் போட்டுவிட்டார்கள்.

மன்றம் முத்திரை குத்தாத கதைக்கு எந்தக் கேமராவும் ஓடக்கூடாது. முத்திரை குத்துமுன் மன்றத்தார் அபிப்பிராயம் சொல்வார்கள். சொன்ன அபிப்பிராயம் ஒவ்வொன்றும் கதைக்குள் இருந்தாக வேண்டும். அதைத் தேடிக் கண்டுபிடிக்கிற சிரமம் பெரியவர்களுக்கு இருக்கக்கூடாது என்பதால், அவர்கள் சொன்னதைச் சிவப்பு ரிப்பனிலும், எழுத்தாளன் எழுதியதைக் கறுப்பு ரிப்பனிலும் தட்டச்சு செய்து கொடுக்க வேண்டும் என்று ஒரு விதி. இந்த விதியைக் கண்டுபிடித்தவருக்குப் பதக்கம் கொடுத்ததாகக் கேள்வி. கொடுத்திருப்பார்கள்.

என் பெயர் ஒக்தாவ். வசனம் எழுதுகிறவன். கதை எழுதுகிறவன் அன்செல்ம், என் அக்கா லெயோனியின் புருஷன். எங்கள் தொழிலில் கதைக்கு ஓர் ஆள், வசனத்துக்கு ஓர் ஆள் என்பது வழக்கம். இரண்டு பேரையும் தயாரிப்பாளர் மார்ன் ஆற்றங்கரை விடுதி ஒன்றில் கொண்டுபோய்ப் போட்டு, வேளாவேளைக்கு ஒயினும் பொரித்த ஆற்றுமீனும் கொடுப்பார். கதை முடிந்த அன்றே சாப்பாடு நின்றுவிடும் என்பதால் பிரான்ஸில் எந்தக் கதையும் சீக்கிரம் முடிவதில்லை. அன்செல்முக்குக் கதையில் எல்லோரும் நல்லவர்களாக இருக்க வேண்டும். எனக்கோ முதல் காட்சியிலேயே யாராவது மாடியிலிருந்து விழ வேண்டும். இப்படி அடித்துக்கொண்டே நாங்கள் பல படங்கள் எழுதியிருக்கிறோம்.

லெயோனி நடிகை. கதவைத் திறந்து, “மேடம், உங்களைப் பாக்க யாரோ வந்திருக்காங்க” என்று சொல்லிவிட்டுப் போகிற வேலைக்காரி வேஷத்திலேயே அவள் இளமை முழுக்கப் போய்விட்டது. ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர் கல்யாணத்தில் அவள் எழுந்து நின்று யாரையாவது போலப் பேச ஆரம்பித்தால் பரிமாறுகிறவர்கள் தட்டோடு நின்றுவிடுவார்கள். அப்படிப்பட்டவளுக்கு ஒரு முழு வேஷம் ஒருவனும் கொடுக்கவில்லை. இந்தப் படமும் இல்லையென்றால் நடிப்பை விட்டுவிட்டு, பெல்வில் பேட்டைச் சினிமாக் கொட்டகையில் டார்ச் அடித்து நாற்காலி காட்டும் வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டாள். அடுத்தவர் நடித்த படத்துக்கு அடுத்தவரை உட்கார வைக்கிற வேலை. அன்செல்ம் பயந்துபோய் அவளுக்கென்றே ஒரு கதை எழுதினான்.

சின்னக் கதைதான். பெல்வில்லில் ஒரு பழைய அடுக்குக் குடியிருப்பு. அதன் கீழ்த்தளத்து ஒற்றை அறையில் பெர்த் என்று ஒரு வாசல்காரி. தபால் வந்தால் பிரித்துக் கொடுப்பாள், மாடிப்படியைத் துடைப்பாள், யார் எந்நேரம் யாரோடு உள்ளே வந்தார்கள் என்பதை மறக்கமாட்டாள். விதவை. அவள் வைக்கும் முட்டைக்கோஸ் சூப்பின் வாசனைக்காகவே கேஸ் மீட்டர் பார்க்கிற ஓர் ஆள், எப்போதாவது பார்க்க வேண்டிய மீட்டரை அடிக்கடி வந்து பார்க்கிறான். கடைசியில் கல்யாணம். நடுவில் ஒரு கொலை வைக்கலாம் என்றேன். லெயோனி கரண்டியை ஓங்கினாள். விட்டுவிட்டேன்.

தயாரிப்பாளர் ரூபிஷூ கதையைக் கேட்கவில்லை. எப்போதும் வியர்த்துக்கொண்டிருக்கும் மனிதர் அவர்.

“முத்திரை கிடைக்குமாய்யா?”

“கிடைக்கும்.”

“அப்போ நல்ல கதைதான்” என்றார்.

முதல் அமர்வில் எழுதியவன் நின்றுகொண்டு முழுக் கதையையும் சத்தம் போட்டுப் படிக்க வேண்டும். மன்றத்தார் மதியச் சாப்பாடு முடிந்துதான் கேட்க உட்காருவார்கள். எதிரே மூன்று பேர். நடுவில் தலைவர் த ப்ரிஸொன்வால்; பேசாத படக் காலத்தில் ஒரு படம் பார்த்ததாகவும் அது பேசாதது தமக்குப் பிடித்திருந்ததாகவும் சொல்வார். வலப்பக்கம் மேடம் தீபோதான், குடும்ப ஒழுக்கத்தின் பிரதிநிதி. இடப்பக்கம் கர்னல் மொந்தாரில், இராணுவ கௌரவத்தின் பிரதிநிதி. அன்செல்ம் படித்தான். தலைவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். சில இடங்களில் குறட்டை விட்டும் கேட்டார்.

“முடிஞ்சுதா?”

“முடிஞ்சுதுங்க ஐயா.”

“சந்தோஷம். ஆனா இது மக்களுக்குப் பிடிக்காது, தம்பி.”

“மக்களுக்கு எது பிடிக்கும்னு ஐயா ஒரு வார்த்தை சொன்னீங்கன்னா...”

“எனக்கு மக்களை நல்லாத் தெரியும். நான் அவங்களைப் பாத்திருக்கேன். கார்ல போறப்போ.”

மேடம் தீபோதான் தொண்டையைச் செருமினார்.

“அவ விதவைதானே?”

“ஆமாங்க மேடம்.”

“அப்புறம் எதுக்குச் சிரிக்கிறா?”

“சூப் நல்லா வந்திருக்கேன்னு...”

“ஒரு விதவைக்கு சூப் நல்லா வரணும்னு என்ன அவசியம்? நானும் விதவைதான். என் வீட்டுல ஒருநாள்கூட சூப் நல்லா வந்ததில்லை. நான் யார்கிட்டயாவது போய்ச் சிரிச்சேனா?”

கர்னல் மேஜையை ஒரு தட்டுத் தட்டினார்.

“அந்த மீட்டர்காரன் தொப்பி போட்டிருக்கானா?”

“போட்டிருக்காருங்க.”

“பித்தளைப் பொத்தான்?”

“இருக்குதுங்க.”

“அப்போ அது சீருடை. சீருடை போட்டவன் மாடிப்படியில மூச்சு வாங்கக் கூடாது. யுத்தத்துல நாங்க பின்வாங்கினப்போ எங்க ஆள் ஒருத்தனாவது மூச்சு வாங்கினானா? அதுக்கு நேரம் ஏது? அவ்வளவு வேகமா வந்தோம்.”

வசனக்காரனுக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. காதில் விழுந்தது மறக்காது. நான் ஓரமாக உட்கார்ந்து எல்லாவற்றையும் காதில் வாங்கிக்கொண்டேன்.

திரும்ப ஆற்றங்கரைக்குப் போனோம். அன்செல்ம் நல்ல பிள்ளையாகத் திருத்தினான். பெர்த் சிரிப்பதை நிறுத்தினாள். மீட்டர்காரன் பாலைவனத்திலிருந்து விடுப்பில் வந்த கேப்டன் ஆனான். பாலைவனத்துக் கேப்டன் எதற்குக் கேஸ் மீட்டர் பார்க்கிறான் என்று கேட்டேன். “கேக்காதே மாப்ளே, நான் தூங்கியே ரெண்டு நாளாச்சு” என்றான். மன்றத்தார் சொன்னதையெல்லாம் சிவப்பில் அடித்தான். மற்றதைக் கறுப்பில் அடித்தான். ஆளுக்கொரு பிரதி அனுப்பினோம்.

இரண்டாம் அமர்வில் படிக்கிற வேலை இல்லை. அவரவர் கையில் அவரவர் பிரதி.

“முன்னைக்கு இப்போ தேவலை. ஆனா இந்த வாசல்காரிங்கற பேச்சே காதுக்குக் கொச்சையா இருக்கு” என்றார் மேடம். “ஒரு கோமகள்னு வெச்சுக்கிட்டா என்ன?”

“கோமகள் எதுக்குங்க மேடம் மாடிப்படி துடைக்கணும்?”

“ஞாபகம் போயிடுச்சு அவளுக்கு. ஞாபகம் இருந்தா எந்தப் பெரிய வீட்டுப் பொம்பளையாவது வேலை செய்வாளா?”

கர்னலுக்கு வேறு கவலை.

“கேப்டன் வர்றான், சரி. எதுல வர்றான்?”

“நடந்துதாங்க.”

“கேப்டன் நடந்து வர்றதாவது! குதிரையைக் கொடுய்யா.”

“மீட்டர் பாக்க அஞ்சாவது மாடிக்குங்களா?”

“பிரெஞ்சுக் குதிரைக்கு அஞ்சாவது மாடி ஒரு மாடியா?”

தலைவர் கடைசியில் வாய் திறந்தார்.

“முட்டைக்கோஸ் சூப்பை எடுத்துடு. சிங்கி இறால் வை. எனக்கு முட்டைக்கோஸ் வாசனை ஆகாது.”

“ஐயா, திரையில வாசனை வராதுங்களே.”

“இப்போ வராது. விஞ்ஞானம் வளந்துக்கிட்டே போகுதுல்ல?”

இதோடு விட்டிருந்தால் நானும் விட்டிருப்பேன். ஏகப்பட்ட கதைகளைக் குழியில் போட்டுவிட்டு அடுத்ததை எழுதப் போனவன்தான் நான். ஆனால் அன்று நடிகையையும் பார்க்க வேண்டும் என்று மன்றம் சொல்லியிருந்தது. லெயோனி தன்னிடமிருந்த ஒரே நல்ல தொப்பியை வைத்துக்கொண்டு வெளிக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். அமர்வுக்கு வந்தபோது தலைவர் அவளைப் பார்த்தார். நின்றார். கோட்டைக் கழற்றி அவள் கையில் கொடுத்தார். கைத்தடியையும் கொடுத்தார். “ஈரமா இருக்கு, அடுப்புப் பக்கம் மாட்டும்மா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். எங்கே மாட்டுவது என்று சொல்ல அங்கே யாரும் இல்லை. கூப்பிட்டபோது அவள் அந்தக் கோட்டைச் சுமந்துகொண்டே உள்ளே வந்தாள்.

“கோட்டை இங்க எதுக்கும்மா கொண்டு வர்றே?”

“நான்தாங்க ஐயா நடிகை.”

மூன்று பேரும் சிரித்தார்கள். குடும்ப ஒழுக்கத்தின் பிரதிநிதியும் சிரித்தார். பிறகு அவளைத் திரும்பச் சொன்னார்கள். இந்தப் பக்கம் திரும்பினாள். அந்தப் பக்கம் திரும்பச் சொன்னார்கள். திரும்பினாள். கோட்டு இன்னும் கையிலேயே இருந்தது.

“இந்தம்மா வேணாம். பாக்கறதுக்கு வாசல்காரி மாதிரியே இருக்காங்க” என்றார் தலைவர். “வாசல்காரியைத்தான் ஜனங்க வீட்டுல தினமும் பாக்கறாங்களே. அதையே காசு கொடுத்து வேற பாக்கணுமா?”

இதையும் சிவப்பில் சேர்க்கும்படி உத்தரவாயிற்று.

தெருவில் இறங்கி லெயோனி எங்களுக்கு முன்னால் வேகமாக நடந்தாள். ஆற்றுப் பாலத்தில் வந்து நின்றுகொண்டு, “கோட்டு மாட்டறவ வேஷத்தை நல்லாத்தான் செஞ்சேன் போல. ஒருத்தருக்கும் சந்தேகம் வரலையே” என்றாள். பிறகு, “நாளைக்கே அந்த டார்ச் வேலைக்குச் சரின்னு சொல்லிட்டு வந்துடறேன்டா. நீங்க அந்தக் குதிரையை வெச்சு நல்லபடியா படம் எடுங்க” என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இத்தனை கோபம் வந்திருக்காது. அந்த மூன்று பேரையும் சும்மா விடுவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தேன்.

எப்படி என்பதுதான் தெரியவில்லை. அன்று மன்றத்தார் திருப்பிக் கொடுத்த பிரதிகளைக் காப்பிக் கடையில் உட்கார்ந்து புரட்டினேன். மேடத்தின் பிரதியில் நடுவே ஒரு பக்கத்தைப் பார்த்ததும் குடித்த காப்பி மூக்கில் ஏறியது. தூக்கக் கலக்கத்தில் அன்செல்ம், லெயோனியின் முட்டைக்கோஸ் சூப் செய்முறையை ஒரு பக்கம் முழுக்கத் தட்டச்சு செய்து கதைக்குள்ளேயே கோத்துவிட்டிருந்தான். உப்பிட்ட பன்றி இறைச்சி ஒரு துண்டு, முட்டைக்கோஸ் பாதி, மிதமான தீ. எல்லாம் கறுப்பு எழுத்து. அதன் ஓரத்தில் மேடம் தம் அழகான கையெழுத்தில், ‘இந்தக் காட்சி நன்றாக நகர்கிறது’ என்று எழுதியிருந்தார்.

மற்ற இரண்டு பிரதிகளையும் பார்த்தேன். கர்னலுடையதில் குதிரை தவிர வேறெங்கும் பென்சில் படவில்லை. தலைவருடையதில் பக்கங்களே சில பிரிபடவில்லை. சிவப்பு உள்ள இடத்தில் மட்டும் விரல் பட்டு அழுக்கேறியிருந்தது. அதிலும் ஒவ்வொருவரும் தாம் சொன்ன சிவப்பை மட்டுமே தேடிப் படித்திருக்கிறார்கள். அடுத்தவர் சொன்ன சிவப்பைக்கூடச் சீந்தவில்லை. நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே மூன்று நுணல்கள், மூன்றும் அரசாங்கச் செலவில் கத்துகின்றன.

“மச்சான், பழைய கதையை எடு. முதல்ல எழுதினியே அதை.”

“அதைத்தான் வேணாம்னுட்டாங்களே, மாப்ளே.”

“அவங்க சொன்ன வார்த்தை அதுல இருந்தா போதும். எங்க இருக்கணும், யார் வாயில இருக்கணும்னு விதியில இருக்கா?”

அன்செல்ம் யோசித்தான். அவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் விளங்கும். விளங்கியதும் முகம் வெளுத்துப்போயிற்று.

“மாட்டிக்கிட்டா?”

“யாரு மாட்டிக்குவா? நாம ஒரு வரி சொந்தமா சொல்லலையே. அவங்க பேசினாங்க, நாம தட்டச்சு பண்ணினோம்.”

பெர்த் மறுபடி வாசல்காரி ஆனாள். ஐம்பது வயது, முட்டைக்கோஸ் சூப், சிரிப்பு, மூச்சு வாங்குகிற மீட்டர்காரன், எல்லாம் திரும்பி வந்தன. புதிதாகச் சேர்த்தது ஒன்றுதான். வாசல்காரி கல்யாணம் செய்துகொள்ள வேண்டுமென்றால் குடியிருப்போர் சங்கம் அனுமதிக்க வேண்டும். சங்கத்தில் மூன்று பேர். முதல் மாடியில் ஓர் ஓய்வுபெற்ற பெரிய மனிதர். இரண்டாம் மாடியில் தருமகாரியம் செய்கிற ஒரு விதவை. மூன்றாம் மாடியில் பழைய இராணுவக்காரர் ஒருவர். இவர்கள் மாடிப்படியில் நாற்காலி போட்டுக் கூட்டம் நடத்திக்கொண்டே இருக்கிறார்கள். கூட்டத்தில் பேசுகிறார்கள். பேசுவதெல்லாம் சிவப்பு.

குதிரையும் உண்டு. மீட்டர்காரனைப் பார்த்து, “வர்றான், சரி. எதுல வர்றான்?” என்று மூன்றாம் மாடிக்காரர் கேட்கிறார். சிங்கி இறாலும் உண்டு. அவள் அறையிலிருந்து முட்டைக்கோஸ் வாசனை வருகிறது, சிங்கி இறால் வை என்று முதல் மாடிக்காரர் உத்தரவு போடுகிறார். பெர்த்தை நடுவில் நிறுத்தி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு, இவளுக்குக் கல்யாணம் எதற்கு, பார்க்க வாசல்காரி மாதிரியே இருக்கிறாளே என்கிறார். அந்த வரியையும் அட்சரம் பிசகாமல் சிவப்பில் வைத்தேன்.

பெர்த் சொல்லும் பதில்கள் எல்லாம் கறுப்பு. அவற்றை லெயோனியே சொல்லச் சொல்ல எழுதினேன். டார்ச் வேலைக்கு நாலு நாள் தவணை வாங்கிக்கொண்டு வந்து, அடுப்பங்கரையில் நின்றபடி ஒவ்வொன்றாகச் சொன்னாள். சிலவற்றைக் கேட்டு அன்செல்ம் காதைப் பொத்திக்கொண்டான்.

மூன்றாம் அமர்வு. தாள் புரளும் சத்தம் மட்டும் கேட்டது. கர்னல் தம் சிவப்பு வரிகளை உதடசையப் படித்தார். கண்ணில் நீர் கட்டிவிட்டது.

“யார் எழுதினது இந்தப் பின்வாங்கற கட்டம்?”

“நீங்கதாங்க, கர்னல்.”

“அதான் பாத்தேன். உயிரோட்டமா இருக்கு.”

“என் சூப் வசனம் முழுசா வந்திருக்கு” என்றார் மேடம். “ஒரு எழுத்து குறையலை. இந்தப் பையன்களுக்கு இப்போதான் எழுத்து கைவந்திருக்கு.”

தலைவர் பிரதியை மூடி அதன்மேல் கையை வைத்தார்.

“சினிமாவுல முதல்தடவையா எங்க குரல் கேக்குது, தம்பி. அந்த நடிகை விஷயம்?”

“ஐயா சொன்னதை எழுபதாம் பக்கத்துல அப்படியே சேத்திருக்கோம்.”

அவர் எழுபதாம் பக்கத்தைத் திறந்தார். சிவப்பு இருந்தது. தாம் சொன்னதுதான் இருந்தது. தலையாட்டினார். முத்திரை விழுந்தது. ரூபிஷூ நெற்றியைத் துடைத்துக்கொண்டு அந்த முத்திரைக்கு முத்தம் கொடுத்தார். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்கமாட்டான் என்பார்களே, அன்று பூசாரி தானே கையைப் பிடித்து வரத்தைத் திணித்தார். லெயோனி டார்ச் வேலை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தாள்.

படம் எடுத்தோம். சங்கத்தாராக நடித்த மூவரிடமும் ஒன்றுதான் சொன்னோம்: சிரிக்காதீர்கள், நடிக்காதீர்கள், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். அந்த வரிகளுக்கு அதற்குமேல் ஒன்றும் தேவைப்படவில்லை.

முதல் காட்சி பெரிய சாலையில் உள்ள ஒரு கொட்டகையில் மாலையில் நடந்தது. மன்றத்தாருக்கு முன்வரிசை. தலைவர் மார்பு நிறையப் பதக்கங்களோடு வந்திருந்தார். நான் அவருக்கு நேர் பின்னால் இடம் பிடித்தேன். படத்தை நான் பார்க்கவில்லை. அவர் பிடரியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கர்னலின் பின்வாங்கல் வசனம் வந்தது. கொட்டகை அதிர்ந்தது. தலைவர் தோள் குலுங்கச் சிரித்து, மேடத்தின் காதில், “மொந்தாரிலை அப்படியே உரிச்சு வெச்சிருக்கானுங்க” என்றார். மேடமும் கைக்குட்டையைக் கடித்துக்கொண்டு சிரித்தார். கர்னல் மட்டும் சிரிக்கவில்லை. அடுத்து சூப் வசனம் வந்தது. “நான் யார்கிட்டயாவது போய்ச் சிரிச்சேனா?” என்று திரையில் அந்த விதவை கேட்டபோது பால்கனியிலிருந்து ஒருவன் விசில் அடித்தான். மேடத்தின் கைக்குட்டை மடியில் விழுந்தது. இப்போது சிரித்துக்கொண்டிருந்தது தலைவர் ஒருவர்தான்.

திரையில் முதல் மாடிக்காரர் எழுந்தார். “எனக்கு மக்களை நல்லாத் தெரியும். நான் அவங்களைப் பாத்திருக்கேன். கார்ல போறப்போ.”

லெயோனி துடைப்பத்தின் மேல் கையை ஊன்றி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

“நானும் உங்களைப் பாத்திருக்கேன், ஐயா. தினமும் காலையில. உங்க குப்பைக்கூடையில.”

அந்தச் சிரிப்பை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். பக்கத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த மூன்று வசனங்கள் யார் காதிலும் விழவில்லை. என் எதிரே இருந்த பிடரி மெல்லச் சிவந்துகொண்டே வந்தது. எழுபதாம் பக்கம் வந்தபோது அது நன்றாகப் பழுத்துவிட்டது. வயிறு குளிர்ந்தது எனக்கு.

மறுநாள் மன்றத்திலிருந்து ஆள் வந்தது. நானும் அன்செல்மும் போனோம்.

“இது அவமதிப்பு! படத்தை உடனே நிறுத்தணும்!” என்று தலைவர் கத்தினார்.

“எந்த வரிங்க ஐயா அவமதிப்பு?” என்றேன்.

“அந்தக் கார் வரி.”

“அதை எழுதினவர் யாருன்னு பாத்து நடவடிக்கை எடுங்க. சிவப்புல இருக்கு பாருங்க.”

தலைவர் மேடத்தைப் பார்த்தார். மேடம் கர்னலைப் பார்த்தார். கர்னல் கூரையைப் பார்த்தார். தடை செய்ய வேண்டுமானால் காரணம் எழுத வேண்டும். காரணம் எழுதினால் அந்த வரி தம்முடையது என்று ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். வெளியே பத்திரிகைக்காரர்கள் வேறு, இந்தக் குடியிருப்போர் சங்கம் பாரிஸில் எந்தத் தெருவில் இருக்கிறது என்று கேட்டு எழுத ஆரம்பித்துவிட்டார்கள். மந்திரி இரண்டாம் முறை போய்ப் படம் பார்த்ததாகச் சொன்னார்கள்.

“தடை பண்ணினா நம்மளைப் பத்தினதுன்னு ஆயிடும்” என்றார் மேடம்.

“சும்மா இருந்தாலும் அப்படித்தான் ஆகும்” என்றார் தலைவர்.

கர்னல் எழுந்து நின்றார். “எதிரி சுத்தி வளைச்சுட்டா ஒரே வழிதான். பதக்கம் கொடுத்துட்டுப் பின்வாங்கணும்.”

அப்படித்தான் அந்த ஆண்டின் உயர்மன்றப் பதக்கம் லெயோனிக்குக் கிடைத்தது. விழா மாளிகையின் பெரிய கூடத்தில், காலையில். செய்திப்படக்காரர்கள் விளக்கு போட்டிருந்தார்கள். மந்திரி வந்திருந்தார். நடிகர்கள், எழுத்தாளர்கள், முத்திரை கிடைக்காமல் வருஷக்கணக்காகக் கதையைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு அலைந்தவர்கள் எல்லோரும் வந்திருந்தார்கள். மேடை மேல் லெயோனி நின்றாள். பக்கத்தில் தலைவர் பதக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒலிபெருக்கியின் முன்னால் வந்தார்.

வாயைத் திறந்தார்.

கூடம் சிரித்தது. அவர் இன்னும் ஒன்றுமே சொல்லவில்லை.

அவர் காத்திருந்தார். சிரிப்பு அடங்கியது. “சினிமாங்கறது...” என்றார். மறுபடி சிரித்தார்கள். அவர் குரலைக் கேட்டாலே முதல் மாடிக்காரர்தான் நினைவுக்கு வந்தார். அவர் மேலும் கம்பீரமாக நிமிர்ந்தார், அதற்கும் சிரித்தார்கள். “நான் இந்தத் துறையில...” என்றார். மந்திரி முகத்தைத் தொப்பியால் மறைத்துக்கொண்டார். வாழ்நாள் முழுக்கப் பேசியே பிழைத்த மனிதர். எதைப் பேசினாலும் அது வசனம் ஆகிவிடுகிறது என்பது அவருக்கு அப்போதுதான் விளங்கியது. வாய் திறந்தபடியே இருந்தது. சத்தம் வரவில்லை. கண் ஒவ்வொரு முகமாகத் தேடியது. எங்கள் எல்லோர் முகத்தையும் முதல்முறையாகப் பார்க்கிறவர் போலிருந்தார்.

லெயோனி கையை நீட்டி, அவர் விரல்களிலிருந்து பதக்கத்தை மெதுவாக எடுத்தாள். தானே தன் சட்டையில் குத்திக்கொண்டாள். பிறகு அவர் முழங்கையைப் பிடித்து மேடை ஓரம் வரை கூட்டிக்கொண்டு போனாள்.

“போய் உக்காருங்க, ஐயா. படி இருக்கு, பாத்து இறங்குங்க.”

அவர் இறங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை.

“பாவம்டா கிழவர். நாம கொஞ்சம் அதிகமாத்தான் போயிட்டோம், மாப்ளே” என்றான் அன்செல்ம். அவன் கண் கலங்கியிருந்தது. அவனுக்கு எல்லோரும் நல்லவர்களாக இருக்க வேண்டும்.

எனக்கு இரக்கம் வரவில்லை. இன்றுவரை வரவில்லை.